அப்பா பெயரைக் கூப்பிடாத மாலை

டன்மோர் முகடு,
மார்ச் மாதம், மழை சற்று விட்டிருக்கும் ஒரு காலை

அன்பு மகள் வில்லாவுக்கு,

உன் இருமல் விட்டதா, அந்த அறைக்குக் கணப்பு போட்டுக் கொடுத்தார்களா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதுவதற்குமுன் பேனாவைக் கொஞ்ச நேரம் சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன். உயிரோடு இருக்கிறேன், பசிக்கிறது, தூக்கம் வருகிறது, ஆகவே நலம் என்றே வைத்துக்கொள். தொலைபேசிக் கம்பி இன்னும் சேற்றுக்குள்தான் கிடக்கிறது. சரிந்த சாலையை நடந்தே கடந்து பக்கத்து வீட்டு ஆர்லோ நாளை தபால் நிலையத்துக்குப் போகிறான், இதை அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். இரண்டு ஆடுகள் குட்டி போட்டிருப்பதாகவும், ஒன்றுக்கு உன் பெயர் வைத்திருப்பதாகவும், அதுவும் உன்னைப்போலவே சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்றும் உனக்கு எழுதச் சொன்னான். வாசலில் பிளம் மரம் பூத்த மறுநாளே புயல் வந்து பூவையெல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று. எல்லாவற்றையும் போட்டுவிட்டு என்னிடமே மேய்னுக்கு வந்துவிடு என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதற்குப் பதில் சொல்வதற்குமுன் இங்கே நடந்ததை நீ என் வாயால் கேட்க வேண்டும், வேறு யாராவது சொல்லி நீ கேட்டால் இன்னும் பெரிதாகத் தெரியும்.

இந்த வருடம் ஜனவரி முழுதும் வெயில். டிசம்பரில் ஒரே ஒரு புயல், அதற்குப்பின் வானம் துடைத்த மாதிரி இருந்தது, நானும் ஏமாந்துதான் போனேன். பிப்ரவரி கடைசியில் ஒருநாள் பாரோமீட்டர் முள் காலையிலிருந்தே இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா செய்வதுபோல் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் இறங்கியது. தென்கிழக்கிலிருந்து காற்று, கடலின்மேல் ஈயம் உருக்கி ஊற்றிய நிறம். கடற்கரை ஊருக்கு மூன்று அங்குலம் மழை என்று வானிலை அலுவலகம் சொன்னது. அவர்கள் சொல்வதை இரண்டால் பெருக்கினால்தான் நம் முகட்டின் கணக்கு வரும் என்று உனக்குத் தெரியும். விறகை உள்ளே அடுக்கினேன், விளக்குக்கு எண்ணெய் ஊற்றினேன். சூரியத் தகடுகள் ஒரு வாரமாக மூடுபனியில் கிடந்ததால் மின்கலங்களில் உயிரே இல்லை, அதற்கு மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மதியத்துக்குமேல் மழை பிடித்துக்கொண்டது. சாலைக்கு அடியில் போகும் தண்ணீர்க் குழாயின் வாயைச் சருகு அடைத்திருக்கும், அதை எடுத்துவிடாவிட்டால் தண்ணீர் சாலைமேல் ஏறி மண்ணை அரித்துவிடும். எந்தப் புயலிலும் அது அப்பாவின் வேலை. அவர் போய்விட்டாரே தவிர குழாய் அங்கேதான் இருக்கிறது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அடைப்பு முக்கால்வாசி வந்துவிட்டது, அதற்குள் நான் நின்ற கரை உருவிக்கொண்டது. விழுந்ததில் வலது கணுக்கால் முறிந்தது. பயப்படாதே, கட்டுப் போட்டாகிவிட்டது, எலும்பு நேராகக் கூடுகிறது. மண்வெட்டியை ஊன்றியும் முழங்காலில் தவழ்ந்தும் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நான் கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கீழே சாலை சரிந்தது. இடி மாதிரிச் சத்தம் எதுவும் இல்லை, யாரோ பெரிய ஆள் பெருமூச்சு விட்டதுபோல் இருந்தது.

அப்போதுகூட நான் பயப்படவில்லை, வில்லா. புயல் நாட்களில் மாலை ஆறு மணிக்கு வயர்லெஸ் பெட்டியில் லொரெட்டா வீடுவீடாகக் கூப்பிடுவாளே, அதை நம்பி இருந்தேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாற்காலியில் ஏறி நின்றுகொண்டு, நான்தான் சொல்வேன் என்று அப்பா கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, இருக்கோம், மழை நாலு இன்ச் என்று கத்துவாய், மலை முழுக்கச் சிரிக்கும். முப்பது வருடங்களுக்கு முன்னால் முதலில் பெட்டி வாங்கியவர்களின் பெயரால்தான் இன்றைக்கும் வீடுகளைக் கூப்பிடுகிறார்கள், அதனால் அப்பா பெயரில் நம் வீடு ராய்ஸ் வீடு. இரண்டு தரம் கூப்பிட்டும் பதில் வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன மழையானாலும் நடந்து போய்ப் பார்க்க வேண்டும், இந்த மலையில் எல்லோரும் மீறாமல் வைத்திருக்கும் சட்டம் அது ஒன்றுதான். என் மின்கலங்களில் கேட்பதற்கு மட்டும் சக்தி இருந்தது, பேசும் பொத்தானை அழுத்தினால் விளக்கு மங்கிப் பெட்டி அணைந்துவிடும். பரவாயில்லை என்று நினைத்தேன். பேச முடியாவிட்டால் என்ன, பதில் வராததே போதும், ஆர்லோ திட்டிக்கொண்டே வந்துவிடுவான். காலை ஒரு முக்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். லொரெட்டா ஆரம்பித்தாள். ஓடைக்கரைக்காரர்கள் இருக்கோம் என்றார்கள், பள்ளிக்கூடத்து மேட்டுக்காரர்கள் இருக்கோம் என்றார்கள், ஆர்லோ தன் ஆடுகள் எல்லாம் படுக்கையறையில் இருப்பதாகவும் தான்தான் தொழுவத்தில் இருப்பதாகவும் சொன்னான். அதற்கு அடுத்தது நம் வீடு. லொரெட்டா கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு நமக்கு அடுத்த வீட்டைக் கூப்பிட்டாள்.

ஞாபகப் பிசகு, கடைசியில் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கடைசியில், வேறு யாராவது பேச வேண்டுமா என்று மட்டும் கேட்டாள். பொத்தானை அழுத்தினேன், பெட்டி அணைந்துபோயிற்று. மறுநாள் மாலை அது கொஞ்சம் உயிர்பெற்றுக் கரகரத்தபோதும் அப்படியேதான், ஆர்லோ வீட்டுக்குப் பின் ஒரு சின்ன இடைவெளி, பிறகு அடுத்த வீடு. கால் வலியைவிட அந்த இடைவெளிதான் எனக்கு வலித்தது. உன் அப்பா போனது செப்டம்பரில். ஆனால் அந்த மாலையில்தான் இந்த மலை அவரைக் கீழே இறக்கி வைத்தது என்று தோன்றியது, அவரோடு சேர்த்து என்னையும். உன்னை நினைத்துக்கொண்டேன். நல்லவேளை நீ தூரத்தில் இருக்கிறாய் என்றும் நினைத்தேன், ஏன் இவ்வளவு தூரத்தில் இருக்கிறாய் என்றும் நினைத்தேன், இரண்டும் உண்மைதான்.

காற்று வடமேற்குக்குத் திரும்பி வானம் வெளுத்த பிறகு சாலையின் கதியைப் பார்க்க ஆர்லோ வந்தான். அதற்குள் நான் உள்ளே அடுக்கிய விறகு தீர்ந்து அடுப்பு அணைந்திருந்தது. புகையைக் காணோமே, விறகைச் சேர்த்து வைத்து என்ன செய்யப் போறே கோரா என்று வாசலில் இருந்தே கேலி செய்துகொண்டு நுழைந்தவன், என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். உடனே ஓடைக்கரைக்கு ஓடி ஆள் கூட்டி வந்தான். அவனும் ஓடைக்கரைப் பையன்களும் ஒரு கதவைக் கழற்றி அதில் என்னைப் படுக்க வைத்துச் சரிவைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். கட்டுப் போட்டுத் திரும்பிய பிறகு லொரெட்டா வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்தில் உங்களையெல்லாம் ஒரு அதட்டலில் உட்கார வைப்பாளே, அந்தக் குரல் எங்கே போயிற்றோ. கையோடு சூப் கொண்டுவந்திருந்தாள், பாத்திரத்தைக் கீழே வைக்காமலே நின்றாள்.

“டிசம்பர்ல ராய்ஸ் வீடுன்னு கூப்பிட்டேன், நீ இருக்கோம்னு சொல்றதுக்குள்ள உன் குரல் உடைஞ்சு போச்சு. மலையே கேட்டுச்சு. இனிமே அந்தப் பேரைச் சொல்லி உன்னை அழ வைக்கக் கூடாதுன்னு நானும் ஆர்லோவும் பேசிக்கிட்டோம். உனக்கு ஏதாவது வேணும்னா நீயே கடைசியில வருவேன்னு நினைச்சேன், கோரா. உனக்கு நல்லது பண்றோம்னுதான் நினைச்சோம்.”

அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. செத்தவன் பெயரைச் சொல்லாமல் இருப்பது மரியாதை என்று நினைத்திருக்கிறார்கள், அந்தப் பெயருக்குள் உயிரோடு ஒருத்தி உட்கார்ந்திருப்பது யாருக்கும் தோன்றவில்லை. உண்மையில் எனக்கே தோன்றியதில்லை. இருபத்துமூன்று வருடம் அந்தப் பெயருக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், அதற்கு வெளியே எனக்கு ஒரு வீடு இருக்கிறதா என்று யோசித்ததே இல்லை. சூப்பை வாங்கி வைத்துவிட்டு அவளை உட்கார வைத்தேன். இனிமே எப்படிக் கூப்பிடட்டும், ராய்ஸ் வீடுன்னே திரும்பக் கூப்பிடவா என்று கேட்டாள். சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என்ன நினைத்தேனோ, என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்றேன்.

நேற்று மறுபடி தென்கிழக்குக் காற்று. ஆர்லோ தன் வீட்டு மின்கலம் ஒன்றைத் தூக்கி வந்து என் பெட்டிக்கு இணைத்துவிட்டுப் போயிருந்தான். ஆறு மணிக்கு லொரெட்டா ஒவ்வொரு வீடாக வந்தாள், ஆர்லோ வீட்டுக்கு அப்புறம் அதே இடைவெளி, பிறகு கோரா வீடு என்றாள். பொத்தான்மேல் விரலை வைத்திருந்தேன், இன்னும் அழுத்தவில்லை. அவள் இரண்டாம் முறை கூப்பிடவும் இல்லை, அடுத்த வீட்டுக்குப் போகவும் இல்லை, அப்படியே காத்திருந்தாள். அத்தனை வீடும் பெட்டிக்கு முன்னால் மூச்சுப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. இருக்கிறேன், ஒன்றேகால் அங்குலம் என்று சொல்லிப் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். அதற்குப் பிறகுதான் அழுதேன், கண்ணே. அவர் இல்லை என்று அந்த நிமிடத்தில்தான் என் உடம்புக்குத் தெரிந்தது. செப்டம்பரில் உன் தோளில் சாய்ந்து அழுதது வேறு, இது வேறு.

ஆகவே உன் கேள்விக்குப் பதில், நான் இங்கேதான் இருப்பேன். பிடிவாதம் என்று நினைக்காதே. இந்த வீட்டில் இனி அவர் இருக்கமாட்டார் என்பதைத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன். மழையெல்லாம் ஓய்ந்து சாலை போட்ட பிறகு, ஜூனில், உன்னிடம் வந்து ஒரு மாதம் இருக்கிறேன். அதற்குள் நீ கிளம்பி வராதே, சரிவு இன்னும் நகர்கிறது. அப்பாவின் மழைச் சட்டை உனக்கு வேண்டும் என்று கேட்டிருந்தாய், ஜூனில் எடுத்து வருகிறேன், இந்த மழைக்காலம் முடியும் வரைக்கும் எனக்குத் தேவைப்படுகிறது.

எங்கே இருந்தாலும் நீ சுகமாக, சூடாக, நல்ல மனிதர்களோடு இருக்க வேண்டும், அதுதான் என் ஆசி. ஒன்றை மட்டும் மறக்காதே. ஒருநாள் உன் சத்தம் இல்லையென்றால் வந்து கதவைத் தட்டுகிற ஆள் ஒருத்தராவது அந்த ஊரில் உனக்கு வேண்டும். இல்லாவிட்டால் தேடிக்கொள். அவரிடம் உன் பெயரைச் சொல்லி வை.

உன் அம்மா
கோரா