வலது கைக்கான வரிசை

நவம்பர் 6, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. ஈர வாடையோடு ஒரு புடவை. முடிச்சூர் ரோட்டில் தண்ணீர். ஆட்டோக்காரர்: "நேரா போவ முடியாது மேடம், சுத்திகினுதான் போவணும்." சுற்றினோம். முதல் பீரியடுக்கு லேட்.

செய்ய வேண்டியவை:
- மூன்றாம் ஆண்டு விடைத்தாள்
- கருத்தரங்குக் கட்டுரைச் சுருக்கம் (கெடு முடிந்தே விட்டது, இன்னொரு முறை கெஞ்ச வேண்டும்)
- ஜெ.வுக்கு பிரஷர் மாத்திரை
- நந்தினியின் நான்காம் அத்தியாயம்
- புதுப் பேனா. இதில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி வருகிறது.

மதியம் ஆய்வு மாணவர்களோடு வழக்கமான வியாழக்கிழமை வகுப்பு. இத்தனை வருஷமாக ஒரே சட்டம்தான். சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் வீடியோ. கண்ணில் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும், அர்த்தம் சொல்லக் கூடாது. இன்றைக்குத் தாம்பரம் மார்க்கெட் பூக்கடை அக்கா. புதிதாகச் சேர்ந்தவள் எடுத்த எடுப்பில், "அந்தக்கா கடுப்புல இருக்காங்க மேம்."

"கடுப்பு எங்க இருக்கு? ஸ்க்ரீன்ல தொட்டுக் காட்டு."

யோசித்து, எழுந்து போய், பூக்கார அக்காவின் முழங்கையைத் தொட்டாள். பரவாயில்லை, தேறிவிடுவாள்.

நந்தினி வாயே திறக்கவில்லை. எப்போதும் முதல் ஆளாகப் பேசுகிறவள். படத்தையும் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தில் என்ன எழுதி ஒட்டியிருக்கிறதோ.

நவம்பர் 7, வெள்ளி

மழை விட்டு விட்டு. நான்காம் அத்தியாயம் படித்தேன். தலைவலி.

வேலை என்னவோ எளிதுதான், பேசுகிறவர்களின் கை எப்படி அசைகிறது என்று பார்ப்பது. மார்க்கெட்டில் நான் கேள்வி கேட்கிறேன், கடைக்காரர்கள் பதில் சொல்கிறார்கள், ந. படம் எடுக்கிறாள். பிறகு இரண்டு பக்கத்துக் கைகளையும் நொடி நொடியாக நிறுத்திப் பார்த்து அட்டவணையில் குறிக்க வேண்டும். வலது கைக்கு ஒரு வரிசை, இடது கைக்கு ஒன்று, தலைக்கு ஒன்று, பார்வைக்கு ஒன்று. கடைக்காரர்கள் பக்கம் அழகாகச் செய்திருக்கிறாள். என் பக்கம், வலது கை வரிசையில், முதலிலிருந்து கடைசி வரை ஓய்வு, ஓய்வு, ஓய்வு. எல்லாப் படத்திலும்.

என் கையா? காலேஜில் எனக்குப் பெயரே 'கை மேடம்'. எதிரே டீ கிளாஸ் இருந்தால் எடுத்துத் தள்ளி வைத்துவிட்டுத்தான் என்னோடு பேச ஆரம்பிப்பார்கள்.

கூப்பிட்டேன்.

"காப்பி பேஸ்ட் பண்ணியா?"

"இல்ல மேம்."

"பாத்துதான் போட்டியா?"

"பாத்துதான் மேம்."

"என்னத்த பாத்த? என் கை ஒரு தடவகூட அசையலியா? சோம்பேறித்தனத்துக்கும் ஒரு அளவு இருக்கு நந்தினி."

துப்பட்டா நுனியை விரலில் சுற்றி அவிழ்த்து, சுற்றி அவிழ்த்து நின்றாள். மொத்தத்தையும் திரும்பச் செய்து கொண்டுவா என்றேன். "சரி மேம்." போய்விட்டாள்.

கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். ஆனால் எனக்கும் பதற்றம். ரிட்டயர் ஆகிறதற்கு முன்னால் நான் கரையேற்ற வேண்டிய கடைசிப் பெண் இவள். இத்தனை பேரில் இவளுக்குத்தான் கண் இருக்கிறது. இவள் இதைப் புத்தகமாக்கினால் நான் இந்த ஊரில் இத்தனை நாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்ததற்கு ஒரு அர்த்தம். இவளே இப்படிச் செய்தால்?

நவம்பர் 8, சனி

வெயில் எட்டிப் பார்த்தது. எல்லாத் துணியையும் மாடியில் போட்டேன். லீவு. இட்லி மாவு புளித்துவிட்டது, ஊத்தப்பம்.

மதியம் காலேஜ் வாட்ச்மேன் போன். "அந்தப் பொழிச்சலூர் பொண்ணு காலைலருந்து லேப்லயே கீது மேடம். சாப்புடக்கூட போவல. எப்ப பூட்றது?" நந்தினி முடித்த பிறகு பூட்டுங்கள் என்றேன்.

திட்டினால்தான் வேலை நடக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச். ஆயர் புதியவர். எதைச் சொன்னாலும் இரண்டு கையையும் விரிக்கிறார். நரகத்துக்கும் அதே விரிப்பு, பரலோகத்துக்கும் அதே விரிப்பு. பிரசங்கம் ஒரு வரி நினைவில்லை.

அப்பா ஞாபகம். வீட்டிலும் ஹெட்மாஸ்டர்தான். "எஸ்தர், கையைக் கீழ போட்டுட்டுப் பேசு." பொம்பளப் பிள்ளை கையை ஆட்டிப் பேசினால் சண்டைக்காரி என்பார்களாம். பிஎச்.டி. பதிவு செய்தபோது சித்தப்பா கேட்டார், "கை ஆட்டறதுக்கெல்லாமா டாக்டர் பட்டம் தர்றாங்க?" அப்பா சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு வெட்கம். எனக்கு இன்றைக்கும் அது வலிக்கிறது, என்ன செய்ய.

நவம்பர் 10, திங்கள்

திரும்ப மேகம். காலை வகுப்பில் இருக்கும்போதே ந.விடமிருந்து வாட்ஸப்பில் இரண்டு வந்திருக்கிறது.

ஒன்று, திருத்திய அட்டவணை. வலது கை வரிசை அப்படியே. ஒரு கட்டம்கூட மாறவில்லை.

இன்னொன்று: "மேம், நாவலூர்ல ஒரு கம்பெனில கூப்பிட்டிருக்காங்க. போலாம்னு இருக்கேன். தீசிஸ் இதுக்கு மேல என்னால முடியாது. சாரி மேம். உங்கமேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல."

வருத்தம் இல்லையாம். போன் போட்டேன், எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். ஒரு வார்த்தை திட்டியதற்கு இவ்வளவா? இந்தப் பிள்ளைகளை ஒன்றும் சொல்லக் கூடாது போல.

கோபம். கோபத்துக்கு அடியில் பயம். இவள் போனால் எல்லாம் போச்சு.

சாயந்திரம் ஜெ.விடம் புலம்பினேன். "அவ தப்புன்னு நீயே பாத்துப் போட்டுக் காட்டேன்" என்றார். பேங்க்காரரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான். எதையும் சரிபார்க்கச் சொல்வார். சரி, காட்டுகிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மழையா வெயிலா தெரியாது. வெளியே பார்க்கவில்லை.

லேபில் உட்கார்ந்து பூக்கடைப் படத்தைப் போட்டேன். சத்தம் அணைத்து. என் பக்கம் மட்டும். வலது கை மட்டும்.

மடியில் கிடக்கிறது. நான் சிரிக்கிறேன், முன்னால் சாய்கிறேன், இடது கை பறக்கிறது, வலது கை கிடக்கிறது. தோளில் பை இருந்திருக்கும் என்று பார்த்தேன். பை இடது தோளில். மைக் பிடித்திருந்தேனோ? மைக் புடவையில் குத்தியிருக்கிறது. அடுத்த படம், கருவாட்டுக் கடை. கிடக்கிறது. அடுத்தது. சாவி ரிப்பேர் செய்கிறவர் பெரிதாக ஏதோ அளவு காட்டுகிறார், நான் அதே அளவை இடது கையால் பாதி காட்டுகிறேன். மறு பாதி வரவில்லை.

பிறகு பீரோவில் தேடிப் பழைய படம் ஒன்றை எடுத்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வகுப்பெடுக்கும் நான். ஐயோ, அந்தக் கை. ஒரு வாக்கியத்துக்கு எத்தனை இடம் போய் வருகிறது. நிறுத்திவிட்டேன். பார்க்க முடியவில்லை.

ந. சரியாகத்தான் போட்டிருக்கிறாள். இரண்டு தடவையும்.

ஊர் கையையெல்லாம் பார்த்தேன். இதைப் பார்க்கவில்லை.

வீட்டில் ஜெ.விடம் என் கையைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"வாக்கிங் போறப்ப வலது கைய வீசமாட்டேங்கற. தோள்பட்ட வலின்னு நெனச்சேன்."

"எப்பலேந்து?"

"கொஞ்ச நாளாவே."

"சொல்லலாம்ல?"

"நீ சண்டைக்கு வருவ எஸ்தர்."

வருவேன்தான். அழுதேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷன்.

நவம்பர் 13, வியாழன்

தூறல். வியாழக்கிழமை வகுப்பு ரத்து. காரணம் சொல்லவில்லை.

குரோம்பேட்டையில் நரம்பு டாக்டர். சின்னப் பெண். வெளியே கூட்டம், டோக்கன், பக்கத்தில் ஒரு அம்மா தன் வீட்டுக்காரரிடம்: "பேஜாரு பண்ணாத, உக்காரு." உள்ளே போனால் டாக்டர் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. நடக்கச் சொன்னார், பார்த்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார், பார்த்தார். ஒரு வரி எழுதச் சொன்னார். எழுதினேன். வரி போகப் போகச் சின்னதாகியிருந்தது. பேனா சரியில்லை என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன்.

இவர் செய்வதும் என் வேலையைத்தான். ஆனால் இவர் அர்த்தம் சொல்லியாக வேண்டும்.

சொன்னார். பார்கின்சன்ஸ், ஆரம்பக் கட்டம். மாத்திரைக்கு எப்படிக் கேட்கிறது என்று பார்க்கலாம். வேலையை விட வேண்டாம். உடற்பயிற்சி முக்கியம். "நிறைய பேர் நடுக்கம் வந்த பிறகுதான் வருவாங்க. கை அசையலன்னு எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?"

"நான் கண்டுபிடிக்கல. என் ஸ்டூடண்ட்."

ஜெ. எல்லாவற்றையும் செல்போனில் குறித்துக்கொண்டார். வரும்போது இளநீர் குடித்தோம். பயமாக இருக்கிறது. கை போனால் நான் யார்? இதை யாரிடமும் கேட்க முடியாது, இங்கே கேட்டு வைக்கிறேன்.

மாத்திரை: காலை, மதியம், சாயந்திரம். சாப்பாட்டுக்கு முன்.

ந. இன்னும் போன் எடுக்கவில்லை.

நவம்பர் 15, சனி

மழை இல்லை, புழுக்கம். ஜெ. வண்டியில் கூட்டிப் போகிறேன் என்றார். வேண்டாம் என்று பம்மல் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. பொழிச்சலூரில் ந. வீட்டைக் கண்டுபிடிக்க மூன்று பேரிடம் வழி கேட்டேன். மூன்று பேரும் பேசாமல் கையை நீட்டிக் காட்டினார்கள்.

அவள் அம்மா கதவு திறந்தார். "வாங்க மேடம், வூடு கொஞ்சம் அப்படி இப்படி கீது, தப்பா நெனச்சிக்காதீங்கோ." நாற்காலியில் இருந்த துணியை அள்ளி உள்ளே எறிந்தார். ந. சமையலறை வாசலில் நின்றாள். வரவில்லை, போகவுமில்லை. தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது.

டீ வந்தது. டம்ளர் நிறைய, சூடு. வலது கையை நீட்ட நினைத்தேன், அது கிளம்பவே நேரமானது. அவர் நீட்டிக்கொண்டே நிற்கிறார். இடது கையால் வாங்கிவிட்டேன். முதல் தடவை வந்த வீட்டில், ஒரு தாயார் கையிலிருந்து, இடது கையால்.

"மன்னிச்சிக்குங்கம்மா. வலது கைக்கு முடியல."

"அதுக்கு இன்னா மேடம், குடிங்க, ஆறிடப் போவுது."

ந. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா உள்ளே போனதும் சொன்னேன். டாக்டரைப் பார்த்துவிட்டேன். நீ போட்டது சரி. இரண்டு தடவையும் சரி. அந்த வரிசையில் ஒன்றையும் மாற்றாதே, அப்படியே அத்தியாயத்தில் வரட்டும். நாவலூருக்குப் போவதானால் போ, ஆனால் தப்பாகச் செய்தோம் என்று நினைத்துக்கொண்டு போகாதே.

"தப்புன்னு நெனச்சு நிறுத்தல மேம். அடுத்த அத்தியாயத்துக்கு இன்னும் நெறைய படம் இருக்கு. எல்லாத்துலயும் உக்காந்து உங்க கைக்கு ஓய்வுன்னே போட்டுட்டு இருக்க என்னால முடியல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்படி மேம் சொல்றது? அர்த்தம் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

டீயை ஒரு வாய் குடித்தேன். திங்கட்கிழமை வா, மிச்சப் படத்தையெல்லாம் இரண்டு பேருமாக உட்கார்ந்து போடலாம், என் பக்கத்தை நானே பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தலையை ஆட்டினாள். வருகிறேன் என்றா, யோசிக்கிறேன் என்றா, தெரியவில்லை. பேச்சை மாற்ற, போன சனிக்கிழமை சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்து அதே அட்டவணையைத்தானே அனுப்பினாய், நாள் பூரா என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"ஒரு எடத்துலயாவது கை எழும்பாதான்னு தேடிட்டிருந்தேன் மேம்."