அண்ணாவே உட்காரப் போகிறார்

பிளெய்ன்ஸ்பரோ,
12.7.1998

சிரஞ்சீவி ஸ்ரீநிவாசனுக்கு மன்னி ஆசீர்வாதம் செய்து எழுதுவது. அகிலாண்டேஸ்வரி அருளால் இங்கே எல்லோரும் சௌக்கியம்.

ஆவணியில் எங்கள் தீக்ஷா கல்யாணத்தன்று, அண்ணாவுக்குப் பதிலாக நீயே அவளை மடியில் வைத்துத் தாரை வார்ப்பதாக எழுதியிருந்தாய். பெரிய மனசு உனக்கு. ஆனால் வேண்டாமப்பா. அண்ணாவே உட்காரப் போகிறார்!

முதுகும் இடுப்பும் இறுகி, அவர் தரையில் உட்கார்ந்தே வருஷங்கள் ஆகிவிட்டன. நாற்காலி போதும் என்று சாஸ்திரிகளே சொல்லிவிட்டார். தீக்ஷாவும், "சேர்லயே உக்காருங்கோப்பா, இட்ஸ் ஓகே" என்றாள். இவர்தான், "பொறந்தப்போ மடியிலதான் வாங்கினேன், குடுக்கறதும் மடியிலேர்ந்துதான்" என்று ஒரே பிடிவாதம்.

நான் லைப்ரரியில் தேடிப் படித்தேன். ரேடான் என்ற வாயு உள்ள சுரங்கத்திலோ வெந்நீர் ஊற்றிலோ உட்கார்ந்தால் மூட்டுவலியும் முதுகுவலியும் சிலருக்குச் சில மாதம் தணிகிறதாம். ஐரோப்பாவில் டாக்டர்களே அனுப்புகிறார்களாம். இங்கேயோ, அது நுரையீரலுக்கு ஆகாது என்று போன வருஷம்தான் மண்ணிலிருந்து பேஸ்மென்டுக்குள் கசிகிற அதைக் குழாயும் ஃபேனும் வைத்து வெளியேற்றினோம். "அந்தக் குழாயைப் பிடுங்கிட்டு நான் கீழயே படுத்துண்டிருப்பேனே, எதுக்குடி பிளேன் டிக்கெட்?" என்று இவர் கேலி. டாக்டரிடமும் கேட்டேன். நிரூபணம் போதாது, கொஞ்ச நாள் என்றால் தடுக்கமாட்டேன், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றார்.

போன மாசம் மொன்டானாவுக்குப் போனோம். பழைய சுரங்கம். கம்பளி போர்த்திக்கொண்டு வயசானவர்கள் சீட்டாடுகிறார்கள். நான் லலிதா சஹஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து அம்மாள், முதுகுக்கான பிரார்த்தனையா என்று கேட்க, உன் அண்ணா, "எங்காத்து ரேடியோ, நிறுத்த ஸ்விட்ச் கிடையாது" என்று இங்கிலீஷில் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டார்.

திரும்பி வந்தபின் மெல்ல மெல்ல வலி இறங்கியிருக்கிறது. ரேடானோ, ஓய்வோ, அம்பாளோ, யார் பேரில் வரவு வைப்பதென்று தெரியவில்லை. நேற்று ஹாலில் பலகை போட்டு உட்கார்ந்து, முதலில் அரிசி மூட்டையை மடியில் வைத்துப் பார்த்தார். அப்புறம் தீக்ஷாவே உட்கார்ந்தாள். "ரைஸைவிட நான் வெயிட்டுப்பா" என்று அவள் சிரிக்க, இவர் அசையவில்லை. கண்ணை மூடி சங்கல்பம் முழுக்கச் சொல்லி முடித்தார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

உனக்கு ஒரே ஒரு வேலை. தாலி கட்டி முடிந்ததும் எல்லோரும் தீக்ஷாவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீ அண்ணாவின் பின்னால் ஒட்டி நில். அவர் கூப்பிடமாட்டார். இரண்டு கையையும் அக்குளில் கொடுத்து எழுப்பிவிடு. தம்பி அண்ணாவைக் கட்டிக்கொள்கிறான் என்று பார்ப்பவர்கள் நினைக்கட்டும்.

குடும்பத்தோடு நன்றாயிருப்பாய்.

மன்னி
நாகலக்ஷ்மி