சொன்னவர்தான் தலையைப் பிடிக்க வேண்டும்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதிப் பழகிய கை, இன்று அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டது. அந்த வரியை நீயே போட்டுப் படித்துக்கொள். போனில் சொன்னால் போதாதா என்று கேட்பாய். போனில் நீ பேசுகிறாய், நான் ம் கொட்டுகிறேன். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. தம்பி இதைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவான். எழுத்து புரியவில்லை என்று தப்பிக்கப் பார்க்காதே, உனக்கு அ ஆ கற்றுக்கொடுத்த கைதான் இது.

அப்பா அப்படியேதான் இருக்கிறார். பக்கவாதம் வந்து விழுந்த நாளிலிருந்து அதே கட்டில், தொண்டையில் மூச்சுக்குழாய், மூக்கில் சாப்பாட்டுக்குழாய். மெஷின் காற்றைத் தள்ளுகிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது. கண் மட்டும் திறந்திருக்கிறது, எங்கே பார்க்கிறார் என்று சொல்லத் தெரியவில்லை. காலையில் போய் முகம் துடைக்கிறேன், உதட்டில் எண்ணெய் தடவுகிறேன். தம்பி வேலை முடிந்து பஸ் ஷெட்டிலிருந்து கிரீஸ் கையோடு வந்து நிற்பான், நர்ஸ் திட்டுவாள், கழுவிக்கொண்டு வருவான். வந்தும் கால்மாட்டில்தான் நிற்பான், முகத்தருகே போகமாட்டான். நம் குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, ஊர் பஸ்ஸையெல்லாம் பழுது பார்க்கிறவனுக்கு வீட்டுக் குழாய் கண்ணில் படுவதில்லை. அவனை ஒன்றும் சொல்லாதே, பாதி ஆளாகிவிட்டான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு வீடியோ காலில் வந்தாயே, தம்பி போனை அப்பா முகத்துக்கு நேராக நீட்டினான். நீ என்ன கேட்டாய், "அப்பா, போதுமாப்பா? போதும்னா கண்ணை மூடுங்க"ன்னு கேட்டாய். அவர் மூடினார். நீ உடனே ஓவென்று அழுதுவிட்டு, அப்பாவே சம்மதம் சொல்லிட்டார், எல்லாரும் பார்த்தீங்கல்ல என்று டாக்டரிடமும் பேசிவிட்டாய். நீ போனை வைத்த பிறகு அதே மாதிரி போனை நீட்டச் சொல்லி நானும் கேட்டேன். "நான் உங்களுக்கு யாரு, தங்கச்சியா? ஆமான்னா கண்ணை மூடுங்க"ன்னேன். மூடினார். "நீங்க குதிரையா?"ன்னேன். அதற்கும் மூடினார். அந்தப் போன் வெளிச்சத்தில் கண் கூசுகிறது, அவ்வளவுதான். நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள், எனக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணின மனுஷன், குதிரையா என்று கேட்டதற்கு ஆமாம் என்கிறார். அவர் உயிரை அந்த ஆமாமில் கொண்டுபோய்க் கட்டிவிட்டாய் நீ.

தம்பி ஷெட்டில் போய், அக்கா கருணைக்கொலை செய்யச் சொல்கிறாள் என்று சொல்லி அழுதிருக்கிறான். அந்த வார்த்தையில் கருணையை நீ எடுத்துக்கொண்டாய், கொலையை அவன் எடுத்துக்கொண்டான், நடுவில் நான் நிற்கிறேன். கடைசியில் டாக்டரம்மாவையே போய்க் கேட்டேன். உன் வயதுதான் இருக்கும், பொறுமைசாலி. "ஊசி போட்டு உயிரை எடுக்கிறதுக்குத்தாம்மா அந்தப் பேரு. அதை நான் செய்யமாட்டேன், செய்யவும் கூடாது. குணமாக்காத மெஷினை எடுத்துட்டு, வலி தெரியாம பார்த்துக்கிட்டு, நோய் போற வழியில விடுறது வேற"ன்னாள். மெஷினை எடுத்தாலும் போய்விடுவார், ஊசி போட்டாலும் போய்விடுவார், இதில் என்னம்மா வேற என்று கேட்டேன். "ஒண்ணுல நான் கொல்றேன், இன்னொண்ணுல நான் தடுக்கறதை நிறுத்தறேன். தூரத்துல இருந்து பார்க்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியலாம், எனக்கு அப்படி இல்லம்மா"ன்னாள். அப்புறம் ஒன்று சொன்னாள், அதை நீ இரண்டு தடவை படி. "உங்களுக்கு என்ன வேணும்னு நான் யாரையும் கேட்கலை. உங்க பொண்ணு தனக்கு எது தாங்கலைன்னு சொல்றாங்க, உங்க பையன் தனக்கு எது தாங்காதுன்னு சொல்றார். அய்யாவுக்கு வாய் இருந்தா என்ன சொல்லியிருப்பார்? அதைச் சொல்லுங்க, அதுதான் சம்மதம்."

நீ உடனே, சாப்பிடும்போது அப்பா சொல்லுவாரே, நான் படுக்கையில விழுந்தா இழுத்துப் பிடிச்சு வைக்காதீங்கன்னு, என்பாய். சொன்னார்தான். ரசத்தில் உப்பு கூடினால் சாமியாராகப் போய்விடுவேன் என்றும் சொன்னார், போனாரா? வீட்டை விற்றுவிட்டுக் கடலோரம் போய்விடலாம் என்று வருஷம் தவறாமல் சொன்னார், விற்றோமா? நல்ல உடம்பு, நிறைந்த தட்டு, அந்த நேரத்தில் சாவைப் பற்றிப் பேசுவது யாருக்கும் சுலபம்தான். அதை எடுத்துவந்து இந்தக் கட்டிலின்மேல் வைக்காதே.

போன வாரம் தையற்கடைக்காரர் தன் கிழட்டு நாயைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு அப்பா வைத்தியம் பார்க்கும் நம் முன்னறை வாசலுக்கு வந்துவிட்டார். பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, டாக்டர் எப்பம்மா வருவார் என்றார். விஷயத்தைச் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்து நாய்க்கும் அப்பாவுக்கும் சேர்த்து அழுதார். வேறு டாக்டர் இருக்கிறாரே, அங்கே போங்கள் என்றால், "அங்கே நம்மள வெளிய உட்காரச் சொல்லுவாங்கம்மா, நம்ம டாக்டர்னா தலையைப் பிடிச்சுக்கச் சொல்வார்"னு சொல்லிவிட்டு எழுந்து போனார். உனக்கு ஞாபகம் வருகிறதா? மாட்டு டாக்டர் மகள் என்று உன்னைப் பள்ளியில் கேலி பண்ணுவார்களே, அந்த மாட்டு டாக்டர் பிழைக்காத ஜீவனை ஊசி போட்டு அனுப்புவதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். வாயில்லாத ஜீவனைக் கேட்க முடியாது, அதற்குப் பதிலாக யார் சரி என்கிறார்களோ அவர்கள் அதன் தலையை மடியில் வைத்துப் பிடிக்க வேண்டும். மோதிரம், வளையலைக் கழற்றச் சொல்வார், கடைசியாக அதன்மேல் படுவது உறுத்தாத கையாக இருக்கட்டும் என்பார். வெளியே நிற்கிறேன் டாக்டர், முடிந்ததும் கூப்பிடுங்கள் என்றவர்களுக்கு ஊசியை எடுக்கவேமாட்டார். பெரிய மனிதர்கள் எத்தனை பேர் சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள்.

நம் நாய் கரியன் லாரியில் அடிபட்டு இடுப்பு போனபோது, அப்பா, பாவம்ப்பா, ஊசி போட்டுடுங்க என்று முதலில் சொன்னது நீதான். சொல்லிவிட்டுத் தெருமுனைக்கு ஓடிவிட்டாய். நாய் ஊளையிடுகிறது, நான் அவரை வாய்க்கு வந்தபடி திட்டுகிறேன், கல்நெஞ்சு என்கிறேன், நானே பிடிக்கிறேன் என்கிறேன். வலிக்கு மருந்து கொடுத்துவிட்டு, அவள்தானே சொன்னாள், அவள் வரட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நீ வந்தாய், பிடித்தாய். அன்றைக்கு உன் பாவாடை முழுக்க ரத்தம், நான்தான் அலசினேன். அந்தக் கோபத்தில் நான் கேட்டேன், உங்களுக்கே இப்படி ஒரு நிலைமை வந்தா என்ன பண்ணுவீங்கன்னு. அப்போது சாப்பிட உட்காரவில்லை, வேடிக்கையாகவும் பேசவில்லை, கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எனக்கும் அதேதான். போதும்னு யார் சொல்றாங்களோ அவங்க வந்து தலையைப் பிடிக்கட்டும். பிடிக்க ஆள் இருந்தா எனக்குச் சம்மதம்."

இதை டாக்டரம்மாவிடம் அப்படியே சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். அவர் மனசு இதில் தெரியுதும்மா, பொண்ணு வரட்டும், காத்திருக்கலாம் என்றாள்.

பெரியவளே, மெஷினை எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சளி உறிஞ்ச அந்தக் குழாயை விடும்போது அவர் முகம் கோணுவதை நீ பார்த்ததில்லை, நான் தினமும் பார்க்கிறேன். நிறுத்துங்கள் என்ற வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டுத்தான் திரும்புகிறது. எனக்குக் கோபம் நீ சொன்னதில் இல்லை, அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு சொன்னதில்தான். லீவு கிடைக்கவில்லை, பிள்ளைகளுக்குப் பரீட்சை, முடிந்ததும் சொல்லுங்கள் உடனே கிளம்புகிறேன் என்றாயே, அதையேதான் அந்தப் பெரிய மனிதர்களும் வாசலில் நின்று சொன்னார்கள். அப்பா அவர்களுக்காக ஊசியைத் தொடவில்லை, நீ வராமல் நானும் மெஷினை எடுக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன். கால்மாட்டில் தம்பி இருக்கிறான். பக்கத்தில் நான் இருக்கிறேன். தலைமாடு உனக்காகக் காலியாக இருக்கிறது.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகளை அதட்டாதே. குளிர் அதிகம் என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், அதில் எந்தக் கோபமும் குறுக்கே வராது. டிக்கெட் எடுத்ததும் தம்பிக்குச் சொல். வரும்போது எங்களுக்கு ஒன்றும் வாங்கிவராதே. மோதிரத்தை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வா.

உன் அம்மா