அடிப்பிடித்த முட்டை சேமியா

14-6-1973, வியாழன்

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன். அண்ணன் பி.யூ.சி. பரீட்சையில் கணக்கில் தவறியதிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை. நான்கு நாளாக எல்லாப் பேச்சும் என் மூலம்தான். அம்மா சைதாப்பேட்டைக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்ததால், காலையில் மீந்த சேமியாவில் முட்டை ஊற்றிக் கிளற அப்பாவே அடுப்பைப் பற்றவைத்தார். சின்ன வயதிலிருந்தே அது எனக்கும் அண்ணனுக்கும் உயிர்.

"உங்க அண்ணன்கிட்ட கேளு, முட்டை ஒண்ணா ரெண்டா?"

அண்ணன் சமையலறை வாசலில்தான் நின்றிருந்தான். "ரெண்டுன்னு சொல்லு."

"ரெண்டாம்ப்பா," என்றேன்.

"மிளகுத்தூள் போடணும்னு சொல்லு."

"எனக்குத் தெரியும்னு சொல்லு."

அதற்குள் தீய்ந்த வாசனை வந்துவிட்டது.

"ஐயோ அப்பா, அடிப்பிடிக்குது! கிளறுங்க!" என்று அண்ணன் கத்தினான்.

"நீ வந்து கிளறேன்டா, பெரிய இவன்!"

நான் வாயைத் திறந்தால் இருவருக்கும் சண்டை ஞாபகம் வந்துவிடுமோ என்று பயம். மூவரும் வாணலியிலேயே சுரண்டித் தின்றோம். அம்மா செய்வதில் பாதி ருசி இல்லை, ஆனாலும் நான்தான் அதிகம் தின்றேன்.

பிறகு கூடத்தில் அப்பா அவனுக்குக் கணக்குச் சொல்லித்தந்தார். ஒவ்வொரு தப்புக்கும் திட்டினார், நேராகவே திட்டினார். விளக்கை அணைத்துவிட்டார்கள், இந்த வரியை இருட்டில்தான் எழுதுகிறேன்.