நேரடியாகவோ மறைமுகமாகவோ

பிப்ரவரி 10, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரியில் இன்று ஒரு வேலை. காது கேளாத பெண், ஐந்தாம் மாத ஸ்கேன். டாக்டர் வாயால் சொல்வதை நான் கையால் சொல்ல வேண்டும். அவள் கையால் கேட்பதை நான் வாயால் கேட்க வேண்டும். அப்பாவுக்குக் காது கேட்காது என்பதால் எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே கை வந்துவிட்டது. அதில்தான் பிழைப்பு.

காது கேளாதவர்கள் தங்களுக்குள் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, ஆளுக்கொரு சைகைதான். இவளுக்குக் கன்னத்தில் விரலை வைத்துத் திருகுவது: கன்னக்குழி. சோபாவுக்கு உறை தைக்கும் அவள் கணவனுக்கும் காது கேட்காது. அவன் மீசை. என்னை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியின் முதலாளிக்கும் ஒரு சைகை வைத்திருக்கிறார்கள், இரண்டு விரலால் காற்றை வெட்டுவது. கத்தரிக்கோல். ஒருநாள் அவரே அர்த்தம் கேட்டார். "சுறுசுறுப்பானவர்" என்று மொழிபெயர்த்தேன். என் தொழில் வாழ்க்கையில் தெரிந்தே செய்த ஒரே பிழை.

குழந்தையின் இதயத் துடிப்பை டாக்டர் சத்தமாக வைத்தார். கன்னக்குழி எட்டி ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. வெளியே வந்ததும், "பிரசவத்துக்கு நீதான் வரணும்" என்றாள். சரி என்றேன்.

யாரைக் கேட்டுச் சரி என்றேன்?

பிப்ரவரி 13, வியாழன்

ஆஸ்பத்திரி கணக்காளர் கேன்டீனில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மிகுந்த மரியாதையோடு, "உங்க சார்ஜை மட்டும் கொஞ்சம் பார்த்துப் போடுங்க மேடம்" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். என் கைக்கு வருவது அதில் பாதிகூட இல்லை.

அவ்வளவு சம்பாதிக்கிற அந்த அம்மாவை நேரில் பார்க்க எனக்கும் ஆசைதான்.

பிப்ரவரி 17, திங்கள்

கத்தரிக்கோலைப் பார்த்தேன். ஏசி அறை, கண்ணாடி மேசை, மேசை மேல் பிளாஸ்டிக் செடி. கோபப்படவே இல்லை, உருகினார். நாமெல்லாம் ஒரே குடும்பமாம். கமிஷன் என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காதாம், அதன் பெயர் ஒருங்கிணைப்புக் கட்டணமாம். ஒருங்கிணைப்பு என்றால் என்ன என்று கேட்டேன். ஆஸ்பத்திரி அவருக்குப் போன் செய்யும், அவர் எனக்குப் போன் செய்வார். அதுதான். அந்தப் போனுக்குத்தான் என் உழைப்பில் பாதிக்கு மேல் போகிறது.

கிளம்பும்போது இன்னொன்றும் நினைவூட்டினார். நான் வாடிக்கையாளரிடம் நேரடியாகப் பேசக் கூடாதாம், ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். பேசுவதற்குத்தான் என்னை அனுப்புகிறார். பேசக் கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறார். மூளை உள்ள மனிதர்.

மார்ச் 3, திங்கள்

விலகிவிட்டேன். கடிதம் கொடுத்துவிட்டு ராணி மாதிரி வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "ஒப்பந்தத்தைப் படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டே?"

இப்போதுதான் எடுத்துப் படித்தோம். விலகிய நாளிலிருந்து ஓராண்டு வரை ஏஜென்சியின் எந்த வாடிக்கையாளருக்கும் 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' சைகை மொழிபெயர்ப்பு செய்யக் கூடாது. யார் யாரெல்லாம் வாடிக்கையாளர் என்று பின்னால் ஒரு பக்கம். ஊரிலுள்ள அத்தனை ஆஸ்பத்திரி, நீதிமன்றம், பள்ளிக்கூடம், வங்கி. மிச்சம் இருப்பது சலூனும் சுடுகாடும். சுடுகாட்டில் வேலை குறைவு.

மார்ச் 11, செவ்வாய்

பாத்திரமெல்லாம் கண்ணாடியாய் மின்னுகிறது.

ஏப்ரல் 9, புதன்

பிரசவ வார்டின் தலைமை நர்ஸ் கூப்பிட்டார். என்னை நேரடியாக எடுத்துக்கொள்ளலாமா என்று நிர்வாகத்திடம் கேட்டாராம். முடியாதாம். ஏஜென்சியின் ஆளை எடுத்தால் ஆஸ்பத்திரி அந்த ஆளுக்கான ஒரு வருடக் கட்டணத்தை அபராதமாகக் கட்ட வேண்டும் என்று அவர்களோடும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. ஆக, நான் வேலை செய்தாலும் கத்தரிக்கோலுக்குப் பணம், வேறு இடத்தில் செய்தாலும் அவருக்குப் பணம். நான் செத்தால் என்ன ஏற்பாடு என்று தெரியவில்லை, இருக்கும்.

எனக்குப் பதிலாக இப்போது ஒரு வீடியோ போன் வருகிறதாம். அதன் திரையில் எங்கிருந்தோ ஒரு பையன் சைகை செய்கிறான். சிக்னல் போனால் வாயைத் திறந்தபடி உறைந்துவிடுகிறானாம். கட்டணம் மட்டும் உறைவதில்லை.

மே 26, திங்கள்

எழுத வரலை.

காலையில் மீசை வீடியோ அனுப்பினான். கன்னக்குழியின் கால் தூண் மாதிரி வீங்கியிருக்கு. தலைவலி, கண் மங்குதுன்னு சொல்றா. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனப்போ அந்தப் போன் பாதியிலேயே உறைஞ்சுபோச்சாம். டாக்டர் ஏதோ சொன்னார், நாங்க தலையாட்டிட்டு வந்துட்டோம், என்ன சொன்னார்னு கேட்டுச் சொல்லுங்கறான். மூணு நாளா!

வாடிக்கையாளரிடம் பேசக் கூடாது. நேரடியாகவோ மறைமுகமாகவோ. தலைமை நர்ஸுக்குப் போன் போட்டேன்.

"அன்னைக்கே அட்மிட் ஆகச் சொன்னோமே. பிரஷர் ஏறிக் கிடக்கு. சரின்னு தலையாட்டினாங்களே."

"அவங்க தலையாட்டினா சரின்னு அர்த்தம் இல்ல சிஸ்டர். போதும், விட்டுடுங்கன்னு அர்த்தம்."

டாக்சி பிடித்து மூவரும் போனோம். ஏஜென்சிக்குச் சொல்லியாகிவிட்டது, ஆள் நேரில் வருவதாகச் சொல்கிறார்கள் என்றார் தலைமை நர்ஸ். பிறகு என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து, உறவுக்காரப் பெண் ஒருவர் கூட இருக்கலாம் என்றார். நீங்க என்ன உறவு என்று கேட்டார். அக்கா என்றேன். தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

மே 27, செவ்வாய்

ஏஜென்சி ஆள் வரவில்லை. காத்திருக்க முடியாது, ஆபரேஷன்தான் என்று முடிவாயிற்று. எனக்கும் பச்சை அங்கி, தொப்பி, முகமூடி. முகமூடி போட்டால் என் பேச்சில் பாதி போய்விடும், எங்கள் மொழிக்கு முகமும் வேண்டும். புருவத்தை வைத்துச் சமாளித்தேன்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது, அவள் விழித்தபடி இருந்தாள். வழக்கப்படி இரண்டு கையையும் பலகையில் கட்டப் போனார்கள். அவள் மிரண்டு என்னைப் பார்த்தாள்.

"டாக்டர், கையைக் கட்டினா அவ வாயைக் கட்டின மாதிரி" என்றேன்.

டாக்டர் இடது கையை விடச் சொன்னார். அந்த ஒரு கையால்தான் எல்லாம் பேசினாள். இழுக்கிற மாதிரி இருக்கு. குளிருது. அவர் வெளியில சாப்பிட்டாரா?

குழந்தையை வெளியே எடுத்தார்கள். அவள் கண் என் மேலேயே இருந்தது. அழுதுச்சா என்று கேட்டாள். இன்னும் இல்லை. பொய் சொல்லவும் தெரியவில்லை, உண்மை சொல்லவும் கை எழவில்லை. மறுபடி கேட்டாள். அப்போது கேட்டது.

அழுகிறாள், கத்துகிறாள், அறையே அதிர்கிறது, பெண் என்று சொன்னேன். என் கை எப்படிப் போயிற்று என்று எனக்கே தெரியாது. அவளுக்குப் புரிந்தது.

இன்று கிண்டலாக ஒன்றும் தோன்றவில்லை.

ஜூன் 12, வியாழன்

ஏஜென்சியின் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. பொய்யான உறவுமுறை கூறி அறுவை அரங்கில் நுழைந்து, ஒப்பந்தத்தை மீறித் தொழில் செய்து, ஈடு செய்ய முடியாத இழப்பை உண்டாக்கிவிட்டேனாம். ஈடு செய்ய முடியாத இழப்புக்கு எவ்வளவு ஈடு என்றும் போட்டிருக்கிறார்கள்.

விஷயம் எப்படித் தெரிந்தது? மீசை காது கேளாதோரின் வாட்ஸ்அப் குழுவில் குழந்தையோடு என் படத்தையும் போட்டு, அக்கா என்று சொல்லி உள்ளே போன இவள் இல்லாவிட்டால் இரண்டு உயிரும் இல்லை என்று எழுதியிருக்கிறான். அந்தக் குழுவில் கத்தரிக்கோலும் இருக்கிறார், தொண்டுள்ளத்தோடு.

வீட்டுக்காரர் சாப்பாட்டை எடுத்து வைத்தார். அவர் எடுத்து வைக்கிறார் என்றால் நிலைமை மோசம்.

ஜூன் 13, வெள்ளி

தலைமை நர்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைக் கணக்காளரிடம் கூட்டிக்கொண்டு போனார். சார்ஜைப் பார்த்துப் போடச் சொன்ன அதே மனிதர். மே இருபத்தேழாம் தேதிக்கு ஏஜென்சி ஏற்கெனவே பில் அனுப்பியிருக்கிறதாம்: மொழிபெயர்ப்பாளர் நேரில் வருகை, முழு நாள். வந்தது யார் என்று கணக்காளர் கேட்டார். தலைமை நர்ஸ், "காத்து வந்துச்சு" என்றார்.

வக்கீல் வைக்கும் செலவு மிச்சம். நானே பதில் எழுதினேன். அன்று முழுவதும் உங்கள் மொழிபெயர்ப்பாளர் அங்கே இருந்ததாக ஆஸ்பத்திரிக்குத் தெரிவித்திருக்கிறீர்கள். எனவே நான் வெறும் அக்கா. சந்தேகம் இருந்தால் தங்கள் மொழிபெயர்ப்பாளரையே சாட்சிக்கு அழைக்கவும்.

ஜூன் 25, புதன்

கத்தரிக்கோல் போனில் வந்தார். குரலில் தேன். வக்கீல் அவசரப்பட்டுவிட்டாராம், குடும்பத்துக்குள் இதெல்லாம் சகஜமாம், திரும்பி வந்தால் பங்கைக் கூட்டித் தருவாராம். நேரடியாகப் பேசினால் நன்றாக இருக்காது சார், என் வீட்டுக்காரர் ஒருங்கிணைப்பார் என்று சொல்லிப் போனை அவரிடம் கொடுத்தேன். அவர் ஒருங்கிணைத்தது ஒரே வாக்கியம்தான். அதை இங்கே எழுத முடியாது.

ஜூலை 8, செவ்வாய்

ஏஜென்சியை ஆஸ்பத்திரி இன்னும் விடவில்லை. ஒப்பந்தம் முடிய இரண்டு வருடம் இருக்கிறதாம். காற்றுக்குக் கட்டணம் கொடுப்பதை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். பெரிய முன்னேற்றம்.

ஆனால் தலைமை நர்ஸ் என் ஒப்பந்தத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரி வரியாகப் படித்தார். மொழிபெயர்க்கத்தான் கூடாது, சொல்லிக்கொடுக்கக் கூடாதென்று எங்கேயும் இல்லை என்றார். வாரம் இரண்டு நாள் நர்ஸுகளுக்குச் சைகை வகுப்பு. சம்பளம் பிரமாதமில்லை. முழுசாக என் கைக்கு வரும் என்பது பழக்கமில்லாததால் கூச்சமாக இருக்கிறது.

செப்டம்பர் 3, புதன்

குழந்தைக்கு இன்று தடுப்பூசி. எதற்கும் இருக்கட்டும் என்று வகுப்பு முடிந்து நானும் போய் வரிசையில் உட்கார்ந்தேன்.

ஊசி போட வந்தது என் வகுப்பில் கடைசி பெஞ்சில் கொட்டாவி விடும் பெண். மருந்தைக் கீழே வைத்துவிட்டு, கன்னக்குழிக்கு நேராக நின்று, கையாலேயே ஆரம்பித்தாள். ஊசி. சின்னது. ராத்திரி குழந்தைக்குக் கோபம் வரும். காய்ச்சல் என்று சொல்ல வந்திருக்கிறாள். திருத்த என் கை தானாக எழுந்தது. அதற்குள் கன்னக்குழி குலுங்கிச் சிரித்து, அவள் விரல்களைப் பிடித்து மடக்கி, இப்படி இல்லை, இப்படி என்று காட்டினாள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே மறுபடி செய்தாள். சரியாக வந்தது.

பிறகு என்னென்னவோ பேசிக்கொண்டார்கள். தாய்ப்பால், தூக்கம், மீசையின் குறட்டை. கேட்காத குறட்டை இவளுக்கு எப்படித் தெரியும் என்று அந்தப் பெண் கேட்டாள். கட்டில் அதிருமே என்றாள் இவள். பேச இரண்டு கையும் வேண்டியிருந்ததால் குழந்தையைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டாள். நல்ல கனம். இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, குறுக்கே ஒரு வார்த்தை பேச வழியில்லாமல், பார்த்துக்கொண்டே இருந்தேன்.