அபராதச் சீட்டும் ஒரு போட்டோவும்

அன்புள்ள அம்மாவுக்குக் கும்பிட்டு எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

போன வாரம் ஒரு கூத்து. கண்ட இடத்தில் காரை நிறுத்தியதாக அபராதம் கட்டச் சொல்லி போனில் செய்தி வந்தது. "சீட்டு என் கைக்கு வரவே இல்லையே சார்!" என்று அலுவலகத்துக்கே போய் எகிறினேன். சீட்டு வைத்தவர் தன் போனில் இருந்த போட்டோவைக் காட்டினார். மழை சீட்டை அடித்துக்கொண்டு போவதற்கு முன் எடுத்தது. கார் கண்ணாடியில் சீட்டு; உள்ளே, நீங்கள் கொடுத்தனுப்பிய போர்வையில் வாயைப் பிளந்து தூங்கும் நான்.

"ஆள் உள்ள இருந்தா கையில குடுக்கணும். எழுப்ப மனசு வரலப்பா. தப்பு என்னோடதுதான்" என்று ரத்து செய்துவிட்டார். ஜெயித்தும் தலை நிமிரவில்லை.

கார் ஜன்னலை மறைக்கப் பழைய புடவை இரண்டு அனுப்புங்கள். வேலைக்கு நேரமாகிறது. என் அறையின் போட்டோ கேட்டுக்கொண்டே இருந்தீர்களே அம்மா, அது அவர் போனில் இருப்பதுதான்.

உங்கள் மகன்