மஞ்சள் காருக்குப் பதில் வந்த வேன்

குளத்தூர்,
5.8.1996

அன்புள்ள அத்தானுக்கு விமலகுமாரி எழுதுவது.

இங்கே நானும் நம் மகள் நந்தனாவும் மாமியும் சுகம். நீங்கள் சுகமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அங்கிருந்து லீவில் வந்த உங்கள் நண்பர் சுயம்பு எல்லாம் சொல்லிவிட்டார். மஸ்கட்டில் உங்கள் கம்பெனி மூடி நாலு மாதமாம். அவர் அறையில்தான் படுத்திருக்கிறீர்களாம். வெறுங்கையோடு எப்படி ஊருக்குப் போவேன் என்று சொன்னீர்களாம். என்னிடம் மறைத்ததில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் நானும் உங்களிடம் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன்.

உங்கள் மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரை விற்றுவிட்டேன். ஒவ்வொரு லீவு முடியும்போதும், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வெற்றுத்தாள்களில் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போவீர்களே, அதில் ஒன்றை எடுத்தேன். அந்தத் தாள்கள் நிலக் காரியத்துக்காக வைத்தவை என்று தெரியும்.

அந்தப் பணத்தோடு என் வளையல்களும் சேர்ந்து, மூன்று வருடம் ஓடிய மாருதி வேன் வந்திருக்கிறது. காரின் அழகு இதற்கு இல்லை. பார்க்க ரொட்டிப் பெட்டி மாதிரி இருக்கும். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பொழியூர் கடற்கரைக்குப் போனது எனக்கும் பிடிக்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு கதவுக் காரில் நாம் இரண்டு பேர்தான் போகலாம். பின்சீட்டில் நந்தனாவே காலை மடக்கித்தான் இருப்பாள். கிளப்ப நாலு பேர் தள்ள வேண்டும். வேனில் கதவை இழுத்தால் மாமி கம்பியைப் பிடித்துத் தானே ஏறிவிடுகிறார். முன்சீட்டுக்கு அடியில் எஞ்சின், கொஞ்சம் சுடும். மஸ்கட் வெயில் கண்ட உங்களுக்கு அது ஒரு சூடா?

காரைக் கொண்டுபோன அன்று மாமி, "அவன் வந்து கேட்டா என்னத்த சொல்லுவ மக்களே?" என்றார். வந்து கேட்கட்டும், அது போதும் என்றேன்.

ஓணம் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும், எட்டுப் பிள்ளைகளை நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுவிடச் சம்மதித்திருக்கிறேன். யார் ஓட்டுவது என்று பக்கத்து வீட்டு ரத்னபாய் அக்கா கேட்டார். நீங்கள்தான் என்று சொல்லிவிட்டேன். கல்ஃப்காரன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான் என்று நாலு பேர் பேசுவார்கள். பேசட்டும்.

பெட்டி, சென்ட் ஒன்றும் வேண்டாம். வெறுங்கையோடு வாருங்கள், ஸ்டியரிங் பிடிக்க அதுதான் வசதி. பள்ளிக்கூடம் திறக்கிற நாள் காலை ஏழரைக்குப் பிள்ளைகள் நம் வாசலில் நிற்பார்கள்.

இப்படிக்கு,
வேறு டிரைவர் தேடாத
விமலகுமாரி